உம்முடைய மடியில் வந்த சைக்கிள்கள்

இன்று காலை கராஜுக்குள் போனபோது பழைய கிறீஸ் மணம் மூக்கில் அடித்தது. சுவர் ஆணியில் தொங்கிக் கிடந்த சைக்கிள் ராக்கை மகன் இறக்கி நிலத்தில் வைத்திருந்தான். வாகனத்தின் பின்னால் கொழுவிச் சைக்கிளை ஏற்றுகிற அந்த இரும்புச் சட்டத்தை நீர் மறந்திருக்கமாட்டீர். அதன் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெருவிரலால் தூசியைத் தேய்த்தேன். மஞ்சளில் கறுப்பு எழுத்து. கீழே குந்தியிருந்து, விரலை வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ஓம், வாசித்தேன். நீர் போன பிறகு எனக்கு எழுத்து வந்துவிட்டது.

"டூ. நொட். யூஸ். ஒன்." அதுவரை சுகமாக வந்தது. கடைசிச் சொல்தான் நீளம். தமிழ் எழுத்து சொன்ன சொல்லில் நிற்கும்; இங்கிலிசு எழுத்து ஒன்றைக் காட்டி வேறொன்றைச் சொல்லும். இரண்டு மூன்று தரம் இடறிவிட்டுக் கடைசியில் "ட்ரெயிலர்!" என்று சத்தமாகவே சொன்னேன். ஒரு முழு வசனத்தை ஒருவரையும் கேட்காமல் வாசித்துவிட்ட சந்தோசத்தில் எழும்பி நின்று கைதட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த வசனம் என்ன சொல்கிறது என்று யோசித்தேன். ட்ரெயிலரில் பாவிக்கக் கூடாது.

தட்டிய கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இது நான் உமக்கு எழுதும் முதல் கடிதம். மெல்லத்தான் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுத எழுத ஒரு குசியாக இருக்கிறது, அதையும் உமக்கு ஒளிக்கக் கூடாது. 'ழ' எழுதும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், அந்த எழுத்து வலையில் மாட்டிய திருக்கை மீன் மாதிரி.

நான் எப்படிப்பட்டவன் என்று உமக்குக் கலியாணத்தன்றே தெரிந்துவிட்டது. ஐயா என்னைச் சின்னனிலேயே வள்ளத்தில் ஏற்றிவிட்டார். பள்ளிக்கூடப் பக்கம் நான் போனதே இல்லை. மாதா கோயில் கலியாணப் பதிவுப் புத்தகத்தில் பெயர் வைக்க வேண்டுமே என்று, என் பெயரை ஒரு படம் மாதிரிக் கீறிப் பழகி வைத்திருந்தேன். சுவாமியார் பேனையைத் தந்ததும் கீறினேன். கடைசி எழுத்திலிருந்து தொடங்கி முன்னுக்கு வந்தேன். எனக்கு அது வாலிலிருந்து தலைக்கு மீன் கீறுவது போலத்தான். சுவாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் பார்த்துக்கொண்டிருந்தீர். பத்தாம் வகுப்பு வரை படித்த பெண் நீர். அன்று பின்னேரம் என்னிடம் சொன்னது இதுதான்: "உங்கட கையெழுத்து வடிவா இருக்கு."

அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைக்கவில்லை. கனடா வந்தும் கதைக்கவில்லை. தமிழ்க் கடையில் சும்மா தரும் பேப்பரை நான் விரித்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். நீர் பின்னால் நின்று, "இஞ்ச பாருங்கோ, என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு," என்று முழுவதையும் வாசித்துவிட்டுப் போவீர். பிள்ளைகள் அப்பா பேப்பர் படிக்கிறார் என்று நினைத்தார்கள். வாகன லைசன்ஸ் சோதனையைக் காதால் கேட்டுப் பாஸ் பண்ணினேன். வீதிப் பலகைகளை நிறத்தாலும் வடிவத்தாலும் தெரியும். எட்டு மூலைச் சிவப்பென்றால் நிற்க வேண்டும். வேறென்ன தேவை என்று நினைத்தேன்.

பிறகு அந்த ட்ரெயிலர் வந்தது. மிசிசாகாவில் என்னோடு பாண் பேக்கரியில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் தான் இனிக் காட்டுக்குப் போகப்போவதில்லை என்று அதை என் தலையில் கட்டிவிட்டார். மடித்தால் பெட்டி, விரித்தால் இரண்டு பக்கமும் கட்டில் நீளும் கூடாரம். எனக்குப் புது வள்ளம் கிடைத்தது போல இருந்தது. பிள்ளைகள் தங்கள் சைக்கிளையும் கொண்டுவர வேண்டும் என்று நின்றார்கள். எங்கள் வான் வண்டியின் பின்கொக்கியை ட்ரெயிலர் பிடித்துக்கொண்டது. ராக்கை அதில் மாட்ட இடமில்லை. நான் அதைக் கொண்டுபோய் ட்ரெயிலரின் பின் பம்பரில் பூட்டி இரண்டு சைக்கிளையும் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தியும் வைத்தேன்.

ஒஷாவா தாண்டியதும் ட்ரெயிலர் ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் நாய் வாலை ஆட்டுவது போல இடமும் வலமும் போய்வந்தது. பின்பக்கம் பாரம் கூடினால் வள்ளத்தின் முன் அணியம் தூக்கும், சொன்ன இடத்துக்குப் போகாது. இது எனக்குப் பல்லு முளைக்கும்போதே தெரிந்த விசயம். ட்ரெயிலருக்கும் அதுதான் என்று மூளையில் படவில்லை. கோப்பிக் கடை இருக்கும் ஓரத்தில் திருப்பி நிறுத்தி, சைக்கிளைக் கட்டிய கயிற்றை இன்னும் இறுக்கினேன். நீர் இறங்கிப் பின்பக்கம் வந்தீர். தலையில் ஏற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, ராக்குக்குக் கிட்டக் குனிந்தீர். பம்பர் வளைந்ததைப் பார்க்கிறீர் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ."

"என்னப்பா?"

"சைக்கிள் ரண்டையும் வானுக்குள்ள ஏத்துங்கோ. நான் பின் சீற்றில இருந்து பிடிச்சுக்கொண்டு வாறன்."

"ஏன்? இஞ்ச நல்லாத்தானே நிக்குது."

நீர் பிள்ளைகளைப் பார்த்தீர். அவர்கள் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்தீர்.

"பின்னால கிடந்தால் ஆரும் களவெடுத்துப் போடுவாங்கள். எனக்குப் பயமா இருக்கு."

"நூறில ஓடுற வானுக்குப் பின்னால ஓடிவந்து ஆரப்பா சைக்கிள் களவெடுக்கிறது? உமக்கு விசரே?"

மகனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கனடாக் கள்ளர் நல்லா ஓடுவாங்களாம்," என்றீர். சைக்கிளை இறக்காமல் வானில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டீர்.

அப்படித்தான் அன்று போனோம். முன்சில்லு கழற்றிய இரண்டு சைக்கிளும் உம்முடைய மடியில். ஒரு ஹாண்டில் உம்முடைய தோளில். ட்ரெயிலரும் ஆடாமல் வந்தது. கயிற்றை நான் இறுக்கியதால்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு ஓடினேன். அடுத்த கோடையும் அப்படி. அதற்கடுத்த கோடையும் அப்படி. சைக்கிள் ஓடவே தெரியாத மனுசி, ஒவ்வொரு கோடையும் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தீர்.

அந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன்! கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்தால், "அண்ணை, அக்காவின்ர கள்ளன் கதையை ஒருக்கால் சொல்லுங்கோவன்," என்று யாராவது கேட்பார்கள். நான் எழும்பி, கள்ளன் வானுக்குப் பின்னால் மூச்சுவாங்க ஓடிவருவதை நடித்தே காட்டுவேன். மேசை அதிரும். நீரும் சிரிப்பீர். ஒருநாள் ஒரு அன்ரி, "உண்மையாவே அப்பிடிப் பயந்தனீரே?" என்று கேட்டா. "ஓம் அன்ரி, நான் சரியான பயந்தாங்கொள்ளி," என்றீர். எனக்கு அது பெருமையாக இருந்தது. பயந்த மனுசியை நான்தான் நாடு விட்டு நாடு கொண்டுவந்து வாழவைக்கிறேன் என்று.

எழுத்துப் படிக்கப் போனதும் உம்மால்தான். நீர் போன முதல் குளிருக்குள் உம்மைப் பார்க்க வந்தேன். நீர் கிடக்கிற அந்தச் சேமக்காலையில் கல்லறைக் கல்லெல்லாம் நிலத்தோடு படுத்திருக்கிறது. அடையாளம் வைத்த மரங்கள் பனிக்குள் எல்லாம் ஒரே மாதிரி. கையால் பனியைத் தள்ளி, ஒரு கல்லுக்கு முன்னால் நின்று செபமாலை முழுவதும் சொன்னேன். அழுதேன். பின்னால் வந்த மகள், "அப்பா, உது ஆரோ சைனீஸ் ஆள். அம்மா அங்கால," என்றாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சமாளித்தேன். அந்தக் கிழமையே நூலகத்தில் முதியோருக்கு நடக்கும் வகுப்பில் போய் இருந்தேன். இப்போது உப்புப் பக்கெற், மருந்துப் போத்தல், பஸ் விளம்பரம் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துப் பேத்தியின் உயிரை வாங்குகிறேன்.

இன்று காலைக் கதைக்கு வருகிறேன்.

மகனும் ஒரு சின்ன ட்ரெயிலர் வாங்கியிருக்கிறான். நாளைக்குப் போகிறார்கள், நானும் போகிறேன். காரின் கொக்கி ட்ரெயிலருக்குப் போய்விடும். பேத்தியின் சைக்கிளை எங்கே ஏற்றுவது என்று யோசித்து, தகப்பனின் மகன்தானே, பழைய ராக்கைத் தூக்கிக்கொண்டு ட்ரெயிலரின் பின்பக்கம் போனான். பேத்தி கேட்டாள்:

"டாடி, இது புதுசு மாதிரி இருக்கே. ஏன் யூஸ் பண்ணேல்ல?"

"அதோ? உன்ர அப்பம்மா விடேல்ல," என்று சிரித்துக்கொண்டு கள்ளன் கதையைச் சொல்லத் தொடங்கினான். நான் சொல்வது போலவே, ஓடிக் காட்டி. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பம்மா சோ ஃபணி!"

நான் ராக்குக்குப் பக்கத்தில் நின்றேன். மகனுக்கு ஸ்டிக்கரைக் காட்டி, "இதை வாசி" என்று மட்டும் சொன்னால் போதும். சைக்கிள் தப்பும், நானும் தப்புவேன். நீர் மட்டும் தப்பமாட்டீர். அந்தப் பிள்ளைக்கு உம்முடைய முகமே சரியாக நினைவில்லை. அவளிடம் உம்மைப்பற்றி இருப்பது இந்த ஒரு கதைதான். நாளைக்கு அவள் தன் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லுவாள். ஓடும் வானுக்குப் பின்னால் கள்ளன் வருவான் என்று பயந்த ஒரு விசரி.

"தம்பி, கொஞ்சம் நில்லு," என்றேன். "அம்மா கள்ளனுக்குப் பயப்பிடேல்லை. இதை வாசிச்சவ. எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டதை உங்களுக்கு முன்னால சொல்லக் கூடாது எண்டு அப்பிடிச் சொன்னவ."

அவன் குனிந்து பார்த்தான். "உங்களுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராதெண்டு எங்களுக்குத் தெரியுந்தானே அப்பா. அதில என்ன?"

"இங்கிலிசு மட்டுமில்லை. தமிழும் தெரியாது. பேப்பர் பிடிச்சுக்கொண்டிருந்தது சும்மா. போன வருசந்தான் படிச்சனான்."

அவன் இன்னொரு தரம் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தான். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"பெடல் குத்தி அம்மாட கால் எல்லாம் கண்டிப்போயிருக்கும். நாங்கள் அதுக்கும் சிரிச்சம். நான் பக்கத்திலதானே நிண்டனான் அப்பா. ஒரு சொல்லு. 'இதில என்ன கிடக்கு, வாசி' எண்டு ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

"எல்லாக் கோடையும் அம்மா அப்பிடி வந்தவ."

"ஓம்."

அவன் ராக்கைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பை எடுக்கும் இடத்தில் வீதியோரம் போட்டான். எறியவில்லை, சத்தமில்லாமல் வைத்தான். அதைவிட எறிந்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது. திரும்பிவந்து பேத்திக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். "செல்லம், நான் சொன்ன கதை பிழை. அப்பம்மாக்குக் கள்ளன் பயம் இல்லை."

"அப்ப எதுக்குப் பயந்தவ?" என்று கேட்டாள் பிள்ளை.

அவன் என்னைப் பார்த்தான். ட்ரெயிலர் எங்களை இழுத்துக்கொண்டு கவிழும் என்று பயந்தீர். பிள்ளைகளுக்கு முன்னால் நான் சிறுத்துப்போவேன் என்றும் பயந்தீர். இரண்டையும் சொன்னேன். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது போதும். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை, ஏனென்றால் வேறொரு நாளும் நீர் அதே சொல்லைச் சொன்னீர்.

கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரியில். பிள்ளைகள் சாப்பிட இறங்கிப் போயிருந்தார்கள். யன்னலில் நல்ல வெயில். நீர் என் கையைத் தேடிப் பிடித்து, "இஞ்சாருங்கோ, எனக்குப் பயமா இருக்கு," என்றீர்.

நான் என்ன சொன்னேன் என்று உமக்குத் தெரியும். "என்ன, கள்ளன் வாறானோ?" என்றேன். உம்மைச் சிரிக்கப் பண்ணுகிறேன் என்று நினைத்தேன். நேர்ஸ் கூட, விளங்காமலே, சேர்ந்து சிரித்தா. நீரும் சிரித்தீர். எப்போதும் போல எனக்காகச் சிரித்தீர். பிறகு அதைத் திரும்பச் சொல்லவில்லை.

மகனிடம் இதைச் சொல்லவில்லை. இதைச் சுமக்க அவனுக்கு ஒரு நியாயமும் இல்லை. இது என்னோடு இருக்கட்டும். சைக்கிள் விசயத்தில் எனக்கு ஒரு சாட்டாவது இருக்கிறது, எழுத்துத் தெரியாதவன் என்று. ஆஸ்பத்திரியில் அந்தச் சாட்டும் இல்லை. நீர் எனக்கு ஒளித்து எதையும் வாசிக்கவில்லை, நேராகத்தான் சொன்னீர். "நான் பக்கத்தில இருக்கிறன்" என்று பதில் சொல்வதற்கு ஒருவனுக்கு எழுத்துத் தெரிந்திருக்கத் தேவையில்லை.