பேனா போட்ட தண்ணீர் பாட்டில்

மார்ச் 4

மறுபடியும் டாக்டரம்மா. அதே நீர்க்கடுப்பு, அதே காய்ச்சல், அதே மாத்திரை. "தண்ணி நெறைய குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். குடிக்கிறேன் என்று கூசாமல் புளுகினேன். ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மூணாவது தடவைம்மா. இன்னொரு தடவை வந்தா கிட்னிக்கு ஏறிடும். விளையாட்டில்ல."

என்னத்தைச் சொல்ல? தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். போனால் கூண்டில் யார் உட்காருவது?

மார்ச் 6

கூண்டு என்று பெயர் வைத்தவள் நான்தான். கடைவளாகத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடம், அதன் நுழைவாயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. கையை நீட்டினால் எதிர்ப்பக்கம் இடிக்கும். டோக்கன் கொடுத்து, பொத்தானை அழுத்தி, தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட வேண்டும். மாற்று ஆள் கிடையாது. கழிப்பறை மேல் மாடியில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கலாம்.

வெளியேறும் வழியில் உட்காருபவளை எல்லோரும் எக்ஸிட் அக்கா என்போம். நான் சேர்ந்த அன்றே அவள் சொல்லிக் கொடுத்துவிட்டாள்: "வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடு. முழுங்கினே, தொலைஞ்சே." அவளுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கல் எடுத்தாயிற்று.

மார்ச் 11

நிர்வாகம் எங்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் வகுப்பு வைத்தது, ஷிஃப்ட் முடிந்த பிறகு! பயிற்சி கொடுக்க வந்த பெண் நல்லவள்தான். "கண்ணை மூடி மெதுவா மூச்சை இழுங்க. ஒரு கடற்கரையை நினைச்சுக்கோங்க" என்றாள். அவ்வளவு தண்ணீரையும் நினைத்ததும் எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் எக்ஸிட் அக்கா, "உனக்குமா?" என்று கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே...

தினமும் நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அடுக்கினாள். ஆளுக்கொரு நீல பாட்டில் பரிசு.

மார்ச் 12

பாட்டிலில் பேனாக்களைப் போட்டு வைத்தேன். அதற்காவது ஆகட்டும்.

மார்ச் 15

கூண்டுக்குள் மூச்சுப் பயிற்சி செய்தேன். ஆழமாக இழுத்தால் வண்டிப் புகைதான் வருகிறது. இருமி இருமிக் கண்ணில் நீர்.

"வேலையை விட்டுடேன்" என்கிறார் இவர். சுலபமாகச் சொல்லிவிட்டார். இவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து என் வேலையில்தான் வீடு ஓடுகிறது. விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் கிட்னி போய்விடும். எந்தப் பக்கம்தான் திரும்புவது நான்?

மார்ச் 19

சூப்பர்வைசரிடம் கேட்டேன் — நடுவில் ஒரு பத்து நிமிஷம் யாரையாவது அனுப்பக் கூடாதா என்று. "எல்லாரும் சமாளிக்கலையா? அதான் வகுப்பு எடுத்தோமே. டென்ஷன் ஆகாதீங்க, மூச்சு விடுங்க."

மூச்சு விட்டால் மூத்திரம் நிற்குமா? வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டேன். முழுங்க எனக்கு வாய்ப்பது அது ஒன்றுதான்.

மார்ச் 24



மதியம் தாங்க முடியவில்லை. எரிச்சல், குளிர், பயம் — கிட்னிக்கு ஏறிடும், ஏறிடும் என்று காதிலேயே டாக்டரம்மா. தடுப்புக் கம்பியைத் தூக்கி அப்படியே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தால் டோக்கன் இல்லாமல் கார்கள் ஜோராக உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. சூப்பர்வைசர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"யாரைக் கேட்டுத் தூக்கினே?"

"என் மூத்திரப்பையைக் கேட்டு!"

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லியே போட்டேன். நாளைக்கு வேலை இருக்குமா? இவர்கிட்ட என்னன்னு சொல்றது?

மார்ச் 25

பயந்துகொண்டே போனேன். "உன்னைப் பத்தி மேல சொல்லியாச்சு" என்றார் சூப்பர்வைசர்.

மதியம் வெளிவாசலில் ஒரே கூச்சல். எக்ஸிட் அக்கா தன் கம்பியைத் தூக்கிவிட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்! பணம் வாங்கும் இடமே அதுதான். "நீயுமா?" என்று சூப்பர்வைசர் அவள் பின்னாலேயே ஓடினார். "உடம்பு சொல்றதைக் கேளுன்னு வகுப்புல சொன்னாங்களே, சார்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். வேறு வழியில்லாமல் அவரே அவள் கூண்டில் உட்கார்ந்தார். அவள் ஆற அமரத்தான் வந்தாள்.

மார்ச் 27

செக்யூரிட்டி அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். "எந்திரிம்மா, போயிட்டு வா. இனிமே தெனமும் நான் வந்து உக்காரணுமாம்."

எனக்குப் போக வேண்டியிருக்கவே இல்லை, ஒன்றும் குடிக்கவில்லையே. ஆனாலும் மேலே போனேன். முகம் கழுவிக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

மார்ச் 28

பேனாக்களை மேசைமேல் கொட்டிவிட்டு பாட்டிலைக் கழுவினேன். மதியத்துக்குள் காலி. மறுபடி நிரப்பினேன்.