மிளகு கட்டிய பக்கம்

செட்டியாரே,

இன்று காலை உங்கள் கடையில் நூறு கிராம் மிளகு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால், மிளகுக்கு அடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். தாமரைக் கண்ணாம், முத்து முத்தாகக் கண்ணீராம். தலைமேல் அத்தனை மிளகு கிடந்தால் யாருக்குத்தான் கண்ணீர் வராது? ஆனால் இவள் மிளகுக்காக அழவில்லை. எழுதினவன் அழச் சொன்னான், அழுதுவிட்டாள்.

மட்டமான கதையைக் கண்டால் நீங்கள் சொல்வதைப் போலவே நானும் "தூ" என்றேன். அடுப்பங்கரையிலிருந்து என் வீட்டுக்காரி, "இன்னா, மிளகுல கல்லு கெடக்குதா?" என்று கேட்டாள்.

"கல்லு கெடந்தாத் தேவலையே" என்றேன்.

அந்தப் பக்கத்தை எழுதிய பாவி யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு மெதுவாகச் சொல்கிறேன். என் மானம் போகிற விஷயம், அதற்கென்ன அவசரம்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கடையை உங்கள் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். திண்டிவனத்திலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டான். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், மரியாதை தெரிந்தவன், தராசு முள் நடுவில் நிற்கும்வரை கையை எடுப்பதில்லை. ஒரே ஒரு குறை. படிக்காமலே கிழிக்கிறான். பழைய பேப்பர் மூட்டையிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதில் சாமானைப் போட்டு நூலைச் சுற்றிவிடுகிறான். நீங்கள் இருந்திருந்தால் கல்லாப் பெட்டியை விட்டு எழுந்து வந்து தலையில் ஒரு குட்டு வைத்திருப்பீர்கள்.

நீங்கள் ஒரு நாவலைக்கூடப் படிக்காமல் கிழித்ததில்லை. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொண்டு, புளி மூட்டைமேல் சாய்ந்து, முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை படிப்பீர்கள். தேறியது என்றால் பெருங்காய டப்பாவுக்கு மேலே இருந்த பலகைக்குப் போகும். அந்தப் பலகை கடைசிவரை பாதிகூட நிறையவில்லை. மிச்சமெல்லாம் பொட்டலம்தான். அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். மாமியார் கொடுமைக் கதை என்றால் காய்ந்த மிளகாய். ஜமீன்தார் மகன் கூலிக்காரன் பெண்ணைப் பார்த்து மயங்கினால் வெல்லம், "எறும்பாவது படிக்கட்டும்." துப்பறியும் கதைக்குப் பெருங்காயம், "இதுலயும் ஒரு வாசனை வரட்டுமே." எந்தக் கதையைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கடைத்தெருவுக்கே தெரியும். என்ன சாமான் கட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

டீச்சரம்மா ஒரு நாள் மூச்சிரைக்க வந்து நின்றது நினைவிருக்கிறதா?

"செட்டியாரே, நேத்து புளி கட்டிக் குடுத்தீங்களே, அந்தப் பொண்ணு கெணத்துல குதிச்சாளா இல்லியா?"

"அடுத்த பக்கம் தாசில்தார் வூட்டுக்கு சீயக்காயோட போயிடுச்சும்மா."

"அங்க போயி கேக்க முடியுமா? நீங்களே சொல்லிடுங்க."

"குதிச்சா. உள்ள தண்ணி இல்ல. அதனால இன்னும் இருவது அத்தியாயம் இருக்குது."

பத்திர ஆபீஸ் வாசலில் என் பெட்டியை மூடியதும் நான் நேராக உங்கள் கடைக்குத்தான் வருவேன். நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். நாலு எல்லையையும் அளந்து, 'இந்தக் கிணற்றில் கால் பாகம்' என்றால் கால் பாகம் என்றே எழுதுகிறவன். கதைப் புத்தகத்தில் மட்டும் எனக்குப் பொய் வேண்டும். கதாநாயகி மயங்கி விழுந்தால் நானும் கொஞ்சம் சாய்வேன். உங்களுக்குத் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களோடு சேர்ந்து "கேவலம்" என்பேன். நான் அப்படிப்பட்ட பேர்வழி.

நம் ஊரை வைத்து ஒரு சரித்திரத் தொடர் வந்ததே, அந்த வாரங்களில் உங்கள் வாயைக் கேட்கவே கூட்டம் கூடும். இளவரசன் நிலா வெளிச்சத்தில் வெள்ளைக் குதிரைமேல் நம் ராஜகிரிக் கோட்டை மலை உச்சிக்கு நாலுகால் பாய்ச்சலில் போகிறான்.

"யோவ் ரைட்டரே, இவன் எப்பனா செஞ்சிக்கு வந்துருக்கறானாய்யா?"

"வந்துதான் எழுதியிருப்பாரு. கார்ல வந்தாராம்."

"கார்லதான் வந்துருக்கணும். நடந்து வந்துருந்தா இப்படி எழுத மாட்டான். அந்தப் படிக்கட்டுல ஆடு ஏறவே யோசனை பண்ணுது. குதிரை நாலுகால்ல பாயுதாம். உச்சியில போயி எறங்கினவன் பாட்டு வேற பாடறானாம். நானா இருந்தா தண்ணி கேட்டிருப்பேன்."

அந்தத் தொடருக்கு என்ன தண்டனை என்று எல்லோரும் காத்திருந்தோம். குதிரைக்கென்றே கொள்ளு கட்டினீர்கள்.

எல்லாக் கதையையும் சிரித்தபடி கிழித்த நீங்கள் ஒரே ஒரு வகைக் கதையை மட்டும் சிரிக்காமல் கிழிப்பீர்கள். இருமிச் சாகிற பெண்ணின் கதை. அந்த வருஷங்களில் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் ஒருத்தி ஜன்னலோரம் இருமிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கைக்குட்டை. அதில் ஒரு சொட்டு ரத்தம். அது ரோஜா இதழ் மாதிரி இருக்கும். இருமல் கூடக் கூட அவள் அழகும் கூடும். உங்கள் வீட்டம்மா அதே நோயில் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"ஒரு சொட்டாம். ரோசாப்பூவாம்" என்றீர்கள் ஒரு நாள். "நான் தொடச்சிருக்கறேன்யா."

அந்தப் பக்கங்களில் நீங்கள் சாமான் கட்டவில்லை. அடுப்பு பற்றவைக்க வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள்.

உங்கள் வீட்டம்மா படுத்திருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு விசாரித்துப் போவார்கள். நான் உள்ளே வந்தேன் என்பதைத் தவிர என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வந்ததும் பெரிய தைரியத்தில் இல்லை. வாசலிலேயே நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்ற பயத்தில். ஒரு மத்தியானம், இலை அசையாத வெயில். அம்மா ஜன்னல் வழியாகக் கோட்டையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ரைட்டரண்ணே, நீங்க பத்திரம் எழுதறவருதானே? அந்த மலைய யார் பேருக்கனா எழுதிக் குடுத்துட்டு, ஒரு பத்தடி தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்க. மேக்காத்து வரமாட்டேங்குது."

"யார் பேருக்குடி எழுதறது? என் பேருக்கா?" என்று கேட்டீர்கள்.

"உங்க பேருக்கு வேணாம். நீங்க அதையும் பொட்டலம் கட்டிருவீங்க."

சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, நீங்கள் ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பிடித்தீர்கள். கிண்ணத்தைப் பிடித்தபடி நீங்களும் சிரித்தீர்கள். அந்த அறையில் நாம் மூன்று பேர்தான் இருந்தோம்.

அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து எனக்குப் புத்தி கெட்டது. பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடர்கதை எழுத ஆரம்பித்தேன். இத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு ஒரு பெண் பெயரில்! அப்படி எழுதினால்தான் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். 'அன்புச் சகோதரிக்கு' என்று கடிதங்கள் வந்தன. என் வீட்டுக்காரி ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க அந்தச் சகோதரி?" என்று இரண்டு நாள் சோறு போடாமல் முறைத்தாள். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. என் எழுத்துக்கு நீங்கள் என்ன சாமான் கட்டுவீர்கள் என்று பயம்.

பத்திரிகை ஆசிரியர் எழுதினார்: 'கதை நன்றாகப் போகிறது. ஆனால் வாசகிகள் இன்னும் அழவில்லை.' அழ வைக்க ஒரு நோயாளிப் பெண் தேவைப்பட்டாள். படுக்க வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த மலை நம் மலைதானே. பேனா தானாக ஓடியது என்று பொய் சொல்லமாட்டேன். நான்தான் ஓட்டினேன்.

"'அதோ, அந்த மலையைப் பாருங்கள் அண்ணா! என் துயரத்தைப் போல அதுவும் அசைய மறுக்கிறதே!' என்று அவள் விம்மினாள்."

அந்த வாரம் பத்திரிகை வரவேண்டிய நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு, கட்டு சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. ஊரே தவித்தது. நான் மட்டும் அங்காளம்மனிடம், இன்னும் கொஞ்சம் கூட்டத்தைக் கூட்டு தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் டீச்சரம்மா கண் சிவந்து வந்தார்கள். "எழுதினா இந்த அம்மா மாதிரி எழுதணும்!" என்றார்கள். பக்கத்தில் நின்ற 'அந்த அம்மா'வாகிய நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

மூன்று நாள் நீங்கள் அந்த இதழைக் கிழிக்கவில்லை. நாலாம் நாள் நான் மிளகு கேட்டேன். மிளகு வரவில்லை. அதுவரை வந்த இதழ்களையெல்லாம் ஒரே கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி என் முன்னால் வைத்தீர்கள்.

"எடுத்துகினு போயிடு, ரைட்டரே. இதுல எந்தச் சாமானையும் சுத்த முடியாது. சாமான் கெட்டுப்பூடும்."

நான் ஒன்றும் தெரியாதவன்போல, "யாரு எழுதினது?" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயை நானே கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

"அந்த ரூம்புல நாம மூணு பேருதான்யா இருந்தோம்" என்றீர்கள். கத்தவில்லை. "அவ எழுதல. நான் எழுதல."

நான் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"அவ சிரிக்கறதுக்குச் சொன்னாய்யா. அந்த நெலமையிலயும் நாம சிரிக்கணும்னு சொன்னா. என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதை அழ வெச்சி அச்சுல போட்டுட்டியே."

தொடரை நான் முடிக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆசிரியருக்கு எழுதினேன். 'சகோதரி நலம்பெற வாழ்த்துகிறோம்' என்று பத்திரிகையில் போட்டார்கள். வேறு யாரையோ எழுத வைத்து, கதையில் அந்த நோயாளிப் பெண்ணைச் சாகடித்தும் விட்டார்கள்.

நீங்கள் கடைக்கு வராதே என்று சொல்லவில்லை. சாமான் கொடுத்தீர்கள். ஆனால் அன்றிலிருந்து என் பொட்டலம் மட்டும் நியூஸ்பேப்பரில். ஊருக்கெல்லாம் கதை, எனக்கு மட்டும் நெல் விலையும் மந்திரி வருகையும். வீட்டுக்காரிகூடக் கேட்டாள்: "இன்னாங்க, கடைய மாத்திட்டீங்களா? பொட்டலத்துல கதையே காணமே?" ஒரு வருஷத்துக்கு மேல் நியூஸ்பேப்பர். என்னை நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தாலும் இதைவிட வலித்திருக்காது.

பிறகு நான் அழுகையை விட்டுவிட்டு, என்னையே கிண்டல் செய்து சின்னச் சின்னதாக எழுத ஆரம்பித்தேன். மீசை வைத்த சகோதரியைப் பற்றி என் சொந்தப் பெயரிலேயே ஒன்று எழுதினேன். அது வந்த மறுநாள் கடுகு வாங்கினேன். பொட்டலம் ஒரு நாவல் தாளில் கட்டியிருந்தது.

"பின்பக்கம் படிச்சிப் பாரு" என்றீர்கள், தராசைப் பார்த்தபடியே. "கேவலம்னா கேவலம், அப்படி ஒரு கேவலம்."

அவ்வளவுதான். அதற்குமேல் நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று, கடுகைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டு, அந்தக் கேவலத்தைப் படித்தேன். அதைவிட இனிப்பான எழுத்தை நான் படித்ததில்லை.

இன்று காலை மிளகுக்கு அடியில் கிடந்தது, நான் எழுதிய தொடரில் மலை வருகிற அந்தப் பக்கம்தான், செட்டியாரே. யார் வீட்டுப் பரணிலிருந்து மூட்டையில் வந்ததோ. மிளகை அதே பக்கத்தில் திரும்பச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"இதை நியூஸ்பேப்பர்ல மாத்திக் கட்டிக் குடுப்பா."

"எதுல கட்டினா இன்னா ரைட்டரே, மிளகு மிளகுதானே?"

"கிழிக்கறதுக்கு முன்னாடி படிக்கணும். உங்க பெரியப்பா படிப்பாரு. படி."

படித்தான். உதடு அசைய அசையப் படித்தான். முடித்ததும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவங்க, இந்தப் பொண்ணு."

எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வேன்! இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குப்பை வேலை செய்கிறது. அதுவும் யாரிடம்!

"தூ" என்றேன். "இது பொய்யிப்பா. எழுதினவன் நான்தான். உண்மையில இதைச் சொன்னது யாரு தெரியுமா? உங்க பெரியம்மா."

அவன் தராசைக் கீழே வைத்துவிட்டான். "பெரியம்மாவா? நான் வாசல்ல நின்னு பார்த்ததோட சரி. கிட்ட வுடல. அவங்க பேசிக் கேட்டதே இல்ல."

சொன்னேன். மலை, பத்தடி, மேல்காற்று. "யார் பேருக்குடி எழுதறது" என்று உங்கள் குரலில் கேட்டு, "நீங்க அதையும் பொட்டலம் கட்டிருவீங்க" என்று அவர்கள் குரலில் முடித்தேன்.

ஒரு நொடி விழித்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், உங்கள் சிரிப்பு அப்படியே! தொப்பையில் புறப்பட்டுத் தோளுக்கு ஏறுகிற சிரிப்பு. கடையை விட்டு வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு ராஜகிரியைப் பார்த்தான். "பத்தடி தள்ளி வெக்கணுமாமே!" என்று மறுபடி சிரித்தான்.

மிளகை நியூஸ்பேப்பரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பக்கம் அடுப்புக்குப் போயிற்று, அதற்குரிய இடத்துக்கு. நான் எழுதினதில் நிற்கப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா சொன்ன அந்த இரண்டு பேச்சும் என்னிடம் இருக்கிறது. இன்று அதைக் கேட்கவேண்டியவனிடம் சேர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் சேர்க்கவில்லை. பத்திரம் எழுதுகிறவன் சொல்கிறேன், நம்பலாம்: அசலுக்குச் சரியான நகல்.