ஜெர்சி இல்லை, டீ உண்டு

ஏற்காடு,
12.1.2025

அன்புத் தோழி மேனகாவுக்கு,

சுஜாதா எழுதுவது. குளிர் தாங்க முடியவில்லை, மற்றபடி எல்லாரும் நலம். கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் பையில் கமலா ஆரஞ்சும் கொஞ்சம் மிளகும் இருக்கின்றன. அடிவாரத்தில் பழக்கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், டியூட்டி முடிந்து போகும்போது வாங்கிக்கொள். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். ஆஸ்பத்திரி டியூட்டியில் இருக்கும்போது நீ போனை எடுப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் தூங்கிவிடுகிறாய். கடிதம் என்றால் ஆரஞ்சோடு சேர்ந்து உன் கைக்கு வந்துவிடும்.

செய்தியைக் கேள். ஏரிக்கரையில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த நம் பையன்களைப் பிடித்து நீயும் நானும் ஆரம்பித்தோமே, சேர்வராயன் கால்பந்துக் கழகம், அதற்கு யோகம் அடித்திருக்கிறது!

என் டீக்கடைக்கு எதிரே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறதல்லவா? தினமும் காலையில் ஒரு பையன் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்து டீ குடிக்கிறான். என் மகன், நம் கோல்கீப்பர் சதீஷ், அவனைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். யார் தெரியுமா? கோயம்புத்தூர் கிளப்பில் ஆடிய பிரவீன்! போன சீசனில் அத்தனை கோல் அடித்தவன். சேலத்தில் ஒரு ஃபைனலில் பெனால்டி விஷயமாக அடிதடியாகி, கோட்டோரம் கொடி பிடிக்கும் ஒரு லைன்ஸ்மேனுக்கு அடிபட்டதாம். ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டதில் யார் செய்தது என்று போலீஸ் இன்னும் விசாரிக்கிறது. இவன் பெயரும் அதில் இருக்கிறது. ஜாமீன் கொடுத்த கோர்ட், ஏற்காட்டிலேயே தங்கித் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவன் கிளப் அவனைக் கைகழுவிவிட்டது.

நாம் எத்தனை வருடமாக ஒரு நல்ல ஃபார்வர்டு வேண்டும் என்று சேர்வராயன் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? சாமிக்கு நேரம் இல்லை போலிருக்கிறது, கோர்ட்டே அனுப்பி வைத்துவிட்டது. நம் தலைவர் தேவசிகாமணி தன் லாட்ஜில் ஒரு அறையே கொடுத்துவிட்டார். பதிவுக்கு பிப்ரவரி பத்து கடைசி நாள். நீ என்ன சொல்கிறாய்?

பூரிப்பில் இருக்கும்,
சுஜாதா


அடிவாரம்,
17.1.2025

சுஜாதாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை படித்த பிறகு ஆரஞ்சைத் தொட மனம் வரவில்லை, பையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த "ஒரு லைன்ஸ்மேன்" யார் தெரியுமா? என் சின்னம்மா மகன் முருகேசன். என் கல்யாணத்தில் உனக்கு மூன்று தடவை பாயசம் ஊற்றினானே, அவன்தான். தம்பி கை ஒடிந்து கிடக்கிறான் என்று போன மாதமே உன்னிடம் போனில் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றாய். அடுத்த மூச்சிலேயே புது ஜெர்சிக்கு நீலமா பச்சையா என்று கேட்டாய்.

முருகேசன் பரோட்டா மாஸ்டர். அந்த வலது கைதான் அவனுக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமை கொடி பிடிப்பது ஆசைக்காக. இப்போது ஹோட்டலில் இடது கையால் தண்ணீர் வைக்கிறான். வேறொருவன் போடும் பரோட்டாவைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான், அதுவும் இடது கையால்தான்.

அந்தப் பையனை நீ சேர்த்தால் எனக்கும் கழகத்துக்கும் சம்பந்தம் இல்லை. உனக்கும் எனக்கும் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேனகா


ஏற்காடு,
24.1.2025

என் மேனகா,

கண்டக்டர் பையைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஏனுங்கக்கா, பழம் புளிப்புங்களா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? ஆமாம் என்றேன். அந்த ஆரஞ்சை நானும் தின்னவில்லை, பிராக்டிஸுக்கு வந்த பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. முருகேசன் ஏதோ வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று நானே நினைத்துக்கொண்டேன். அப்போது நான் சரியாகக் கேட்கவில்லை. அதற்கு என்னைத் திட்டு, தாராளமாகத் திட்டு.

ஆனால் நீயும் கொஞ்சம் கேள். கமிட்டியில் பாதிப் பேர் சேர்க்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். முடிவு செயலாளர் தலையில், அதாவது என் தலையில். தேவசிகாமணி சொல்வது இதுதான்: "விசாரணைதானே நடக்குது? குத்தவாளின்னு யாரு சொன்னா? நாளைக்கே அவன் மேல தப்பில்லைன்னு வந்துட்டா, அந்தப் பையன் வாழ்க்கைக்கு நாம பதில் சொல்லுவமா?" அதுவும் நியாயம்தானே? இந்த வருடமும் கோல் அடிக்காவிட்டால் கீழ் டிவிஷன்தான். கிளியூர்ப் பையன்கள் தோட்டத்தில் மிளகு பறித்துவிட்டு அந்தக் களைப்போடு நடந்தே வந்து ஆடுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அவனை நேரில் பார்த்தால் உனக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். குடித்த டம்ளரை அவனே கழுவி வைக்கிறான். கழுவி வைப்பதால் நல்லவன் என்று நான் சொல்லவில்லை.

நீ இல்லாமல் ஒரு கழகம் நடத்துவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் உனக்குப் பயந்து முடிவெடுத்தேன் என்றும் இருக்கக் கூடாது. நான் என்னதான் செய்வது, சொல்.

உன்
சுஜா


அடிவாரம்,
30.1.2025

சுஜா,

நீ மறுபடி அனுப்பிய பை வந்தது. அதிலிருந்த சௌசௌவை வைத்துக்கொண்டேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, வீட்டில் காய் இல்லை.

தேவசிகாமணி சொல்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு புகார் வந்துவிட்டால் ஒருவன் கெட்டவன் ஆகிவிடுவதில்லை. ஆனால் விசாரணை முடியவில்லை என்பதற்காக என் தம்பியின் கை முறியாததாகவும் ஆகிவிடாது. உங்கள் கமிட்டியில் அத்தனை பேர் அத்தனை பேசினீர்களே, முருகேசன் எப்படி இருக்கிறான் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீ எழுதிய இரண்டு கடிதத்திலும்கூட அது இல்லை. அவன் கோல் அடிப்பான், இவன் கீழே விழுந்தான், அவ்வளவுதானா?

முருகேசனிடம் நானே கேட்டேன். "அடிச்சவன் ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு ஆசையில்லக்கா. நான் கையப் புடிச்சுட்டுக் கத்தறேன், அத்தன பேரும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் நாந்தான்னு ஒருத்தன் வரல. அதுதானுங்க நொம்ப வலிக்குது" என்றான்.

முடிவு உன்னுடையது. எனக்காக எடுக்காதே. நாளைக்குக் கண்ணாடியில் உன் முகத்தை நீதான் பார்க்க வேண்டும்.

மேனகா


ஏற்காடு,
9.2.2025

மேனகா கண்ணு,

நாளை பதிவு முடிகிறது. அதில் பிரவீன் பெயர் இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் வக்கீலைக் கேட்டோம், மாவட்டக் கால்பந்துச் சங்கத்தைக் கேட்டோம், தேவசிகாமணி அவருடைய ஜோசியரைக்கூடக் கேட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறவனை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்குப் பயம். அவன் என்ன சொல்லிவிடுவானோ, அப்புறம் கோல் போய்விடுமே என்று!

நேற்று கேட்டுவிட்டேன். "அன்னைக்கு என்ன நடந்துச்சு சாமி?"

டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தான். பிறகு சொன்னான்: "இந்தக் கேள்விய யாருமே கேக்கலீங்கக்கா. இந்த ஊர்ல எத்தன கோல் அடிப்பேன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை உனக்கு எழுத மாட்டேன். முருகேசனோடு பேசக் கூடாது, ஆள் விட்டுத் தூது அனுப்பக் கூடாது என்று கோர்ட் அவனுக்கு நிபந்தனை போட்டிருக்கிறது. நான் உனக்கு எழுதினால் அதுவும் தூதுதானே? "இத எங்கிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல, சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றேன். வக்கீல் வாயே திறக்காதே என்கிறாராம். "வக்கீலுக்கு வாய் இருக்குது, அவரு பாத்துக்குவாரு. உனக்கும் ஒண்ணு இருக்குதல்ல?" என்றேன். கடைசியாக, "கேஸ் முடியற வரைக்கும் எங்க ஜெர்சி உனக்கு இல்ல கண்ணு. டீ எப்பவும் உண்டு" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பசி வந்தவன் மாதிரி நாலு பன் தின்றான்.

தேவசிகாமணி ராஜினாமா செய்யப்போவதாகக் குதித்தார். எழுதப் பேப்பரும் பேனாவும் என்னிடமே கேட்டார். கொடுத்தேன். அதில் லாட்ஜுக்கு வாங்க வேண்டிய பொருட்களை எழுதிக்கொண்டு போனார்.

முருகேசன் கை இப்போது எப்படி இருக்கிறது? மடக்கி நீட்ட முடிகிறதா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சுஜா


அடிவாரம்,
10.3.2025

என் அருமை சுஜா,

இந்தக் கடிதத்தைக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. நீ கத்தினால் ஸ்டேஷனில் இருந்து ஓடி வந்துவிடுவார்கள்.

கேஸ், சமரசமாகப் பேசித் தீர்க்கும் லோக் அதாலத்துக்கு வந்தது. நானும் முருகேசனோடு போயிருந்தேன். வக்கீல் ஏதோ ஆரம்பித்தார். பிரவீன் அவரைத் தாண்டி முன்னால் வந்து நின்று சொன்னான்: "நாந்தானுங்க தள்ளுனேன். கோவத்துல தள்ளிட்டேன். கை ஒடிஞ்சது தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சும் ஓடிட்டேன்."

முருகேசன் அழுவான் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்தால், அவன் சிரிக்கிறான்! "இதுக்கு இத்தன மாசமாடா?" என்றான். பிறகு நீதிபதியிடம், "நான் ராஜியாப் போறனுங்கய்யா" என்றான். வைத்தியச் செலவை பிரவீன் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்தாகி வெளியே வந்ததும் முருகேசன் அவனை ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போய், கை சரியான பிறகு முதல் தடவையாக பரோட்டா போட்டுக் கொடுத்தான். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஒன்று கேரளா மாதிரி நீளமாக இருந்தது. பிரவீன் எல்லாவற்றையும் தின்றான்.

மாவட்டச் சங்கம் மே மாதம் முடியும்வரை பிரவீனுக்குத் தடை போட்டிருக்கிறது. அதுவும் சரிதான். ஜூனில் இன்னொரு பதிவு இருக்கிறதாமே? என் சம்மதம் உனக்குத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: இப்போது அவனைச் சேர். முருகேசனும் அதையேதான் சொன்னான். "ஆனா நான் கொடி புடிக்கற மேட்ச்ல அவனுக்கு ஒரு சலுகையும் கெடையாது" என்று சேர்த்துச் சொன்னான்.

அன்றைக்குப் பிரவீன் உன்னிடம் சொன்னதை நீ எனக்கு எழுதாமல் இருந்தாயே. எழுதியிருந்தால் நானே ஓடிப்போய் முருகேசனிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கும். உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஆனால் மரத்தில் ஆரஞ்சு இன்னும் இருந்தால் அனுப்பு.

எப்போதும் உன்
மேனகா


ஏற்காடு,
23.6.2025

என் உயிர்த் தோழி மேனகாவுக்கு,

நேற்றைக்கு உனக்கு டியூட்டி போட்டவர் நன்றாக இருக்கட்டும், நீ பார்க்காமல் போய்விட்டாயே!

சீசனின் கடைசி ஆட்டம். இதுவரை நாம் எப்படி ஆடினோம் என்பதை விட்டுவிடு. நேற்று தோற்றால் கீழ் டிவிஷன், டிரா ஆனாலும் தப்பித்துக்கொள்ளலாம். தூறலும் மூடுபனியும். ஆட்டம் பார்க்கக் கிளியூரும் மாரமங்கலமும் காலையிலேயே வந்து இறங்கிவிட்டன. நம் பச்சை ஜெர்சியில் பிரவீனுக்கு முதல் ஆட்டம். சங்கம் அனுப்பிய லைன்ஸ்மேன் யார் என்று பார்த்தால், நம் முருகேசன்!

ஆளுக்கு ஒரு கோல். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரவீன் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு போய் அடித்தான் பார், வலை கிழிந்துவிடும் போல! ஊரே குதித்தது. தேவசிகாமணி முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அப்புறம் பார்த்தால், அந்தப் பக்கம் முருகேசன் கொடி உயர்ந்து நிற்கிறது. ஆஃப்சைடு, கோல் செல்லாது.

நம் ஆட்கள் போட்ட கூச்சலை எழுத முடியாது, குழந்தைகள் இருக்கிற வீடு. பிரவீன் நேராக முருகேசனை நோக்கி ஓடினான். நாம் பட்டதெல்லாம் வீணா என்று நினைத்தேன். சதீஷ் கோல் போஸ்டை விட்டுவிட்டுப் பாதி மைதானம் ஓடி வந்துவிட்டான்.

பிரவீன் கிட்டே போனதும் நின்றான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "கரெக்ட்டுங்கண்ணா, ஒரு காலு முன்னாடிதான் இருந்தேன்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, திரும்பித் தன் இடத்துக்கு ஓடினான். கூச்சல் போட்டவர்களிலேயே யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், அது அடங்கவே இல்லை. நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணில் தூறல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

மிச்ச ஐந்து நிமிடத்தைச் சதீஷ் பாய்ந்து பாய்ந்து காப்பாற்றினான். டிரா. நாம் டிவிஷனில் தங்கிவிட்டோம்!

முருகேசனைப் பற்றி ஒன்று. கத்தியவர்கள் அடங்கும்வரை, பிரவீன் ஓடி வந்தபோதும், அவன் ஒரு அடி நகரவில்லை, கொடியை இறக்கவும் இல்லை. அந்த வலது கையாலேயே நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கை நன்றாகக் கூடிவிட்டது, மேனகா.

உன்
சுஜா