அத்தாவின் பெட்டியில் கரப்பான்

14.6.1991, வெள்ளி. வீரசோழன்.

மூன்று வருடம் கழித்து மச்சான் இன்று மலேசியாவிலிருந்து வந்தார். அவருடைய மகள் பாத்திமா தன் அத்தா பக்கமே போகவில்லை. காரணம் நான்தான். மலேசியாக் காட்டுக் கரப்பான் முறம் அகலம் இருக்கும், பெட்டிக்குள் பதுங்கி வந்து பிள்ளைகளின் சடையைத் தின்னும் என்று போன வாரம் அவளிடம் அளந்துவிட்டிருந்தேன்.

மச்சான் கையில் பொம்மையோடு நின்றுகொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"காட்டுல பெரிய கரப்பான் உண்டுதாம்மா. ஆனா உள்ளங்கை நீளந்தான். காஞ்ச இலையத்தான் திங்கும், கடிக்காது" என்றேன்.

"மாமா, நீங்க எப்பவும் பொய்தான சொல்வீக?"

பொய்க்குச் சக்கரவர்த்தியான எனக்கு, ஒரே ஒரு உண்மையை விற்க முடியவில்லை.

மச்சான் பொம்மையைக் கீழே வைத்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டையாக உதறிக் காட்டினார். கடைசிச் சட்டைக்குத்தான் அவள் ஓரடி முன்னால் வந்தாள். ஓரடிதான்.