பெயரோடு நின்ற ஜெபம்

அப்பா,

இன்று காலை கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது ஜெபத்துக்கு நீங்கள் போட்டுக்கொண்ட முழங்கால் மெத்தை துடைப்பத்தோடு வெளியே வந்தது. பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட கட்டிங் துணியை அடைத்து நீங்களே தைத்தது. தட்டினேன். தூசிக்கு அடியில் இன்னும் தைல வாசனை. துவைக்கப் போடலாமா என்று யோசித்து, போடாமல், நாற்காலி மேல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

மதியம் உங்கள் சபைப் பெண்கள் வருகிற நாள். ஆண்டுக்கு ஒரு முறை, உங்கள் நினைவு நாளை ஒட்டிய ஞாயிறன்று வந்து, பாடி, ஜெபித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் பங்கில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். நான் டீ போடுவேன், சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

இந்த முறை அவர்கள் வருவது எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் பேத்தி சென்னையில் வேலைக்குப் போக முடியாமல் அறையிலேயே கிடக்கிறாள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறாள். போன மாதம் ஃபோனில் சொன்னாள். கூடவே, "யாருகிட்டயும் சொல்லாதம்மா. சொன்னேன்னு தெரிஞ்சா அப்புறம் உன்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வகுப்பில் புள்ளியியல் நடத்திக்கொண்டே, பையில் ஃபோன் அதிர்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க உங்களால் முடிந்திருக்குமா? திருப்பூர் மண்ணரையில் நாம் இருந்த லைன் வீட்டை நினைத்துக்கொள்கிறேன். ஒரே அறை. ஷிப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவி, நீங்கள் முழங்காலிடுவீர்கள். பின்னால் அம்மா, நான், தம்பி. உங்களுக்குத் தணிந்த குரலில் ஜெபிக்கத் தெரியாது. மிஷின் ஓடும் இடத்தில் பேசிப் பழகிய தொண்டை. நான் கணக்கில் பெயிலானது, தம்பி கொய்யாவைப் பறித்தது எல்லாம் ஆண்டவரிடம் விவரமாகப் போகும். ஆண்டவருக்கு முன்னால், அதே காம்பவுண்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போய்விடும். மறுநாள் காலை குழாயடியில், "ஏங்கண்ணு, கணக்குல போயிருச்சாமா? உங்கொப்பன் சாமிகிட்டச் சொல்லி அழுதது எங்கூடு வரைக்கும் கேட்டுது" என்பார். தம்பியிடம், "ஏஞ்சாமி, கொய்யா எம்பட மரத்துதுதானொ?"

அதெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது அப்படியல்ல. எனக்கு நம்பிக்கை போய்விட்டது, இனி திருவிருந்து எடுக்க மாட்டேன் என்று உங்களிடம் மட்டும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில், கோயம்புத்தூர் பஸ் கிளம்புகிற நேரத்தில் சொன்னேன், நீங்கள் திருப்பிக் கேட்க முடியாதபடி. வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் அதை எல்லோரும் வேண்டிக்கொள்ளும்படி ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்து அழுகிறார். இன்னொருவர் எனக்காக உபவாசமாம். வீட்டுக்கார அம்மாவுக்கும் செய்தி எட்டியிருந்தது. "சாமியே இல்லீன்னு சொல்லிப்போட்டியாமா கண்ணு? எங்கூட்டுக்காரரும் அப்படித்தான் பேசிட்டுத் திரிஞ்சாரு. சக்கர நோவு வந்தொடனே பழனிக்கு நடந்தே போயிட்டு வந்தாரு."

அன்று உங்களிடம் சண்டை போட்டேன். "பனியனை ஜாப் வொர்க்குக்குக் குடுக்கிற மாதிரி என்னையும் வெளிய குடுத்திட்டீங்களா?" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "நம்ம கையால முடிக்க முடியாததத்தானம்மா வெளிய குடுக்கோம்" என்றீர்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை. இனி என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, கடவுளிடமும் கூடாது என்றேன். அது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. மகளுடைய விஷயம் மகளுடையது.

அன்று மாலை தம்பிக்காக நீளமாக ஜெபித்தீர்கள். என் முறை வந்தது. என் பெயரைச் சொன்னீர்கள். அதோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்புறம் நீங்கள் "ஆமென்" சொன்னீர்கள். அதன்பின் எத்தனை ஆண்டுகள்! நான் வேலைக்குப் போய், கல்யாணமாகி, மகளைப் பெற்று, உங்களை என் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அப்படித்தான். மற்றவர்களுக்கு வேண்டுதல், எனக்குப் பெயரும் ஒரு வெறும் இடமும். அது உங்கள் வீம்பு என்றே நினைத்திருந்தேன்.

இன்று வந்த பெண்களில் எஸ்தர் அக்காவை உங்களுக்கு நன்றாகத் தெரியும்; கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருப்பவர், தெற்கே உங்கள் சொந்த ஊர்ப்பக்கம். ஒரு துணியைப் பார்ப்பது போலத்தான் மனிதர்களையும் பார்ப்பார். டீ கிளாஸை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"டீச்சர், ஜெபக் குறிப்பு ஏதும் உண்டுமா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பிள்ள நல்லாருக்காளா? கிறிஸ்மஸுக்கு வந்தப்ப ரொம்ப வாடிப்போய்த் தெரிஞ்சா."

"வேலை அதிகம்."

"வெவரம் வேண்டாம். சும்மா சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

சொல்லியிருப்பேன், அப்பா. நம்பிக்கையினால் அல்ல, ஒரு மாதமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருப்பதை ஒரு நிமிடம் யாராவது பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. அன்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் வாய் திறந்ததும் இப்படித்தானா? டீ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் மகளை அழைத்தேன். உடனே எடுத்துவிட்டாள். அதுவே பெரிய காரியம்.

"எஸ்தர் அக்கா உனக்காக ஜெபம் பண்ணலாமான்னு கேட்டாங்க. நான் எதுவும் சொல்லல. உன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு."

"தாத்தாவா இருந்தா இந்நேரம் திருப்பூர் பூராத் தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"அவங்க வேண்டாம். நீ பண்ணும்மா."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லடி."

"எனக்கு இப்ப குளிக்கிறதுகூடப் பழக்கமில்லாத மாதிரிதான் இருக்கு. செஞ்சிட்டுத்தான இருக்கேன்?"

சரி என்றேன். "தாத்தா மாதிரி கத்தாத" என்று லேசாகச் சிரித்தாள். "நாளைக்குக் கேப்பேன். பண்ணாம பண்ணினேன்னு சொல்லக் கூடாது."

ஃபோனை வைத்துவிட்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒவ்வொன்றும் விடுப்பு விண்ணப்பம் போல இருந்தது. 'கிருபையாய்' என்று தொடங்கினால் என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. அப்போதுதான் உங்கள் கடைசி மாதங்களில் ஒரு நாள் உங்களிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. "என் பேரைச் சொல்லிட்டு நிறுத்துவீங்களே, அப்ப என்னதான் பண்ணுவீங்க?" நீங்கள் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "கேக்கக் கூடாதுன்னுட்ட. அதான் கேக்கல. உன்ன நெனச்சுப் பயந்துக்கிட்டு இருப்பேன்." பெரிய விஷயம் எதையோ எதிர்பார்த்திருந்தேன் போல, எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஜெபம் என்பதற்குள் இவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அது மட்டும் என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அதை வைத்துத்தான் தொடங்கினேன். அடுப்பை அணைத்தேன். முழங்காலிடவில்லை; சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அவள் பெயரைச் சொல்லி, இன்று இவள் தூங்க வேண்டும் என்றேன். நாளைக்கு எழுந்து குளிக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை. உங்களுக்கும் குறைந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நாளைக்கு அவள் கேட்டால், பண்ணினேன் என்று உண்மையாகவே சொல்லலாம். யாரிடம் சொன்னேன் என்று மட்டும் நீங்கள் கேட்காதீர்கள், அப்பா.