உன் அப்பா வெளியிட்ட மீன்காசு

பிஸ்மார்க், மார்ச் 9

என் சோல்வெய்க் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பூனையும் சுகம். பூசானில் உனக்குக் குளிர் குறைந்ததா, நீ பாடம் நடத்தும் பள்ளிப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா, ஒருவேளையாவது சூடாகச் சாப்பிடுகிறாயா என்று விவரமாக எழுது. ஏன் ஆறு வாரமாகக் கடிதமே இல்லை என்று கேட்டிருந்தாய். எழுத விஷயம் இல்லாமல் இல்லை, எழுதக்கூடாது என்று மேலதிகாரி உத்தரவு. இப்போது வழக்கு முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு வந்த புகார்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, போனில் காசு, காயின், முதலீடு என்று யார் எதை விற்றாலும் அது மாநிலச் சட்டப்படி பதிவானதா என்று பார்க்கிற வேலை. ஒஹையோவிலிருந்து பிலிப்பா என்று ஒரு பல் டாக்டர் அம்மாள் எழுதியிருந்தார். இருபது டாலர் கொடுத்து இணையத்தில் 'மீன்காசு' என்று ஒரு டிஜிட்டல் காசு வாங்கினாராம். பனி ஏரியில் ஓட்டை போட்டு ஒருவர் மீன் பிடிப்பாராம், கேமராவில் எல்லோரும் பார்க்கலாமாம், மீன் பெரிதாக மாட்டினால் காசின் விலை ஏறுமாம், பனி உருகுவதற்குள் போட்ட பணம் இரட்டிப்பாம். ஆனால் பதினொரு நாளாக ஒரு மீனும் மாட்டவில்லை, பிடிக்கிற ஆள் வேலை செய்கிறாரா தூங்குகிறாரா என்று அரசாங்கம் விசாரிக்க வேண்டும் என்று எழுதி, ஒரு படமும் வைத்திருந்தார். படத்தில் ஒரு ஆள் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறார். முப்பத்தொரு வருஷமாக நான் பார்த்துவரும் வாய், கண்ணு. கீழே அந்த டாக்டர் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: இவருக்கு மேல் கடைவாய்ப்பல் ஒன்று மோசமாக இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் மைனட்டில் ஒரு விதவை, வீடு விற்ற பணத்தை இப்படியொரு காயினில் போட்டு, அது போன இடம் தெரியாமல் என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதாள். அன்று வீட்டுக்கு வந்து அதை உன் அப்பாவிடம்தான் சொன்னேன். பாவம் என்று தலையாட்டினாரே, அதே மனிதர், அவருடைய சிநேகிதன் டெல்மரோடு சேர்ந்து இதைச் செய்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே என் மேலதிகாரி ரென்னர் சாரிடம் போய், "சார், இது என் புருஷன்" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மார்னா, இந்த ஃபைலை இனி நீ தொடக்கூடாது. வீட்டுல இதப் பத்தி மூச்சு விடவும் கூடாது. விட்டா உன் வேலையும் போகும், கேஸும் போகும்" என்றார்.

மூச்சு விடக்கூடாது என்றால் என்னதான் பேசுவது? மீன் பேச்சு எடுக்கக்கூடாது, பணம், போன், டெல்மர், ஏரி, எதுவும் ஆகாது. நெஃப்லா சூப்பை நடுவில் வைத்துக்கொண்டு வானிலையைப் பேசினோம். காற்று வடக்கே அடிக்கிறது என்பார், ஆமாம், வடக்கேதான் என்பேன். அலுவலகத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்த அன்று, அதை ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்தார். அந்த உறையை நான் நூறடி தூரத்திலும் அடையாளம் காண்பேன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஒருநாள் மட்டும், "எம்மேல கோவமா மார்னா?" என்று ஆரம்பித்தார். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

விசாரணையில் நடந்ததை, வழக்கு முடிந்த பிறகு அப்பாவே சொன்னார். லாபம் எங்கிருந்து வரும் என்று ரென்னர் சார் கேட்டதற்கு, "விலை ஏறும்போது அதுவா வரும் சார்" என்றாராம் உன் அப்பா. டெல்மர் குறுக்கே புகுந்து, "அது காசே இல்ல சார், நட்பு" என்றானாம். "நட்புக்கு இருபது டாலர் விலை போட்டு, ரெண்டு மடங்காகும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே, டெல்மர்" என்று ரென்னர் சார் அவர்களுடைய இணையப் பக்கத்தை அச்சடித்தே காட்டினாராம். அடுத்தவன் உழைப்பில் லாபம் வரும் என்று சொல்லி விற்றால் அது முதலீடு, பதிவு இல்லாமல் விற்கக்கூடாது, மீனானாலும் அப்படித்தான். மீன்காசை நிறுத்தச் சொன்னது அப்பாவுக்கு ஒருவிதத்தில் நிம்மதிதானாம். நானூறு பேர் பார்க்கிறார்கள் என்று மூக்கைக்கூடச் சொறிய முடியவில்லையாம். 'தாத்தா, தூண்டிலை ஆட்டுங்க' என்று ஃப்ளோரிடாவிலிருந்து ஒருவன் ஓயாமல் எழுதிக்கொண்டேயிருந்தானாம்.

வாங்கியவர்கள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் அபராதம், பிறகு பொதுமக்களுக்கான முதலீட்டு வகுப்புக்கு ஒருநாள் போக வேண்டும் என்று தீர்ப்பு. கேமராவுக்கும் ஹீட்டருக்கும் செலவான பணத்தை ஈடுகட்ட அப்பா தன் பனி வண்டியை விற்றார். அதை ஏற்றிப் போக ஆள் வந்தபோது அதன் சீட்டை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். அப்போது தீர்ப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை, அதனால் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேனே தவிர ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. இந்த ஆறு வாரத்திலேயே கஷ்டமான நேரம் அதுதான்.

அந்த வகுப்பை நடத்துவது யார் தெரியுமா? நான்தான். போன வியாழக்கிழமை நூலகத்தில் முப்பது பேர். முதல் வரிசையில் உன் அப்பா, தலையைப் படிய வாரி, நோட்டும் பேனாவுமாக. கடைசியில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். கையைத் தூக்கினார். "மேடம், பொண்டாட்டிகிட்ட சொல்லாம ஒருத்தன் காசு வெளியிட்டா, அதை எங்க பதிவு பண்ணணும்?" என்றார். "வீட்டுல. நேர்ல. முன்கூட்டியே" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். வந்ததற்கான சான்றில் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்பதால் நூலகப் பெண்தான் போட்டாள். காரில் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், பாலம் தாண்டியதும், "நீ வேண்டாம்னு சொல்வேன்னு தெரியும் மார்னா, அதான் சொல்லல. மன்னிச்சிரு" என்றார். ஆறு வாரத் திட்டைச் சேர்த்து வைத்திருந்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரத்துக்கானதைத் தீர்த்தேன். பாக்கியை மாதத் தவணையில் கொடுக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நீ நல்ல தேக பலத்தோடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும் என்று அம்மா மனதார வாழ்த்துகிறேன். உன் ஓட்டுநர் உரிமம் ஏப்ரலில் முடிகிறது, மறக்காதே. இரட்டிப்பு என்று யார் சொன்னாலும், அது உன்னைப் பெற்றவராகவே இருந்தாலும், முதலில் எனக்கு எழுதிக் கேள்.

அன்புடன்
உன் அம்மா மார்னா

(அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கடிதம் முழுக்க வாசித்துக் காட்டிய பிறகே பேனா கொடுத்தேன்: ஆர்லன்.)