ஜான்சிக்கு யாரு?

மார்ச் 3, செவ்வாய்
இசக்கிராஜுக்கு இன்று டயாலிசிஸ். திரும்பும்போது பஸ்ஸிலேயே வாந்தி. என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்று சுருங்கிக் கிடக்கிறதாம், ஆகாதாம். பெற்றவளுடையது ஆகாது, அவன் பெண்டாட்டி ஜான்சியுடையது ஆகும்! என்னைக் கேட்காமல் என் மகனைச் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டவள். அன்று எனக்கு நீட்டிய கேக் துண்டு, அதன்மேல் இருந்த ரோஸ் பூ, எதையும் நான் மறக்கவில்லை. பதினோரு வருஷமாகத் தாராவியில் ஒரே வீடு. அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மார்ச் 9, திங்கள்
டாக்டர் வந்தனா தன் அறை டிவியில் ஜான்சியின் வயிற்றைக் காட்டினார். ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழு உருவமாக்கியிருக்கிறது. எப்படித் திருப்பினாலும் திரும்புகிறது. கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றுதான் இருக்குமாம். இவளுக்கு இரண்டு. சின்னது பின்னால் ஒளிந்து கிடக்கிறது.

"சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு எடுப்போம். கேமரா காட்டறதுமேல இந்தப் படத்தையும் பொருத்தி வச்சுப்போம். ஆனா வயித்துல காத்து ஊதினா உள்ள எல்லாம் நகரும். படம் பிசகினா அந்தக் குழாய் அறுந்துடலாம்."

"வேண்டாம்ட்டி. ஒனக்கு ஒண்ணுன்னா பிள்ளைய யாரு பாப்பா?" என்றான் இசக்கி.

"ஒங்க அம்மை இருக்காவல்லா. எங்கிட்டதான ஊமை, பேத்திகிட்ட நல்லா வாயடிப்பாவ" என்றாள் ஜான்சி.

என் காதுபடவே.

மார்ச் 10
கொழுப்பு.

மார்ச் 17, செவ்வாய்
நாளை ஆபரேஷன். ஜான்சி பேத்திக்குத் தலை பின்னிவிட்டாள். எப்படிப் பின்ன வேண்டுமென்று, என் பக்கம் பார்க்காமலே சத்தமாகச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியாதா? — எதற்கு அப்படிச் சொன்னாள்? திரும்பி வரமாட்டோம் என்று நினைக்கிறாளோ?

மார்ச் 18, புதன்
நர்ஸ் வெளியே வந்து, "ஜான்சிக்கு யாரு?" என்று இந்தியில் கேட்டாள். அவள் வீட்டு ஆள் ஒருவரும் வரவில்லை. அவர்களும் என்னைப்போலத்தான், இந்தக் கல்யாணத்தை இன்னும் மன்னிக்கவில்லை போலிருக்கிறது. இசக்கி அடுத்த அறையில் மயக்கத்தில்.

"நான்தான்" என்றேன்.

காற்று ஊதியதும் படம் பொருந்தவில்லையாம். நிறுத்திவிட்டுத் திரும்பப் பொருத்துகிறார்களாம். முடியாவிட்டால் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டுமாம். சரியென்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரை நெனச்சு அழுதேன்? மவனையா? இல்ல, அந்தச் சிறுக்கியத்தான். ஏட்டி, பொழச்சு வாட்டி—

மார்ச் 19, வியாழன்
ஜான்சி கண்ணைத் திறந்தாள். "அவியளுக்கு?" என்றாள்.

"மூத்திரம் போறான். ஒனக்கும் கொழாய் அறுந்துபோவல, சின்ன ஓட்டைதான் போட்டிருக்காவ" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிப்பு காட்டாதிய அத்தை, வலிக்கி" என்றாள். நான் என்ன சிரிப்புக் காட்டினேன்?

மார்ச் 27, வெள்ளி
இசக்கி இன்னும் ஆஸ்பத்திரியில். வீட்டில் ஜான்சியோடு சண்டை. கஞ்சி குழைந்துவிட்டதாம். அவள் ஒன்று சொல்ல நான் நாலு சொல்ல, எங்கள் வீட்டுக்குள் இரண்டு குரல் கேட்கிறதே என்று பக்கத்து வீட்டுப் பேராச்சி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.